படகுத்துறையிலும் வாடகைப் படகிலும்: அவுட்டர் பேங்க்ஸில் கோடைத் தூண்டில்

வட கரோலினா மாநிலத்தின் கிழக்கு விளிம்பில், பெருநிலத்தை விட்டு விலகி, நீண்டு ஒடுங்கிக் கிடக்கும் மணல் தீவுகளின் வரிசைக்கு அவுட்டர் பேங்க்ஸ் என்று பெயர். கிழக்கே அட்லாண்டிக் கடல். மேற்கே கரிடக், ஆல்பமார்ல், ரோனோக், பாம்லிகோ என்று பெயர் மாறிக்கொண்டே போகும் ஆழமற்ற காயல்கள். பாம்லிகோ மட்டுமே சுமார் 80 மைல் நீளம். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இதைவிடப் பெரிய காயல் கிடையாது. கோடையில் இங்கே வீடுகள் வாரக் கணக்கில், பெரும்பாலும் சனிக்குச் சனி அல்லது ஞாயிறுக்கு ஞாயிறு, வாடகைக்குக் கிடைக்கின்றன. காயல் பக்கத்திலும் அதிலிருந்து வெட்டிய கால்வாய்களின் ஓரத்திலும் உள்ள வீடுகள் பலவற்றுக்குப் பின்கட்டிலேயே மரத்தாலான படகுத்துறை இருக்கும். கேரி, ராலே பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மூன்றரை மணி நேரக் கார்ப் பயணத்தில் எட்டிவிடும் கடல் இது.

வாய்க்கும் மீன், வாய்க்காத மீன்

தூண்டில் கடைச் சுவர்களில் மாட்டியிருக்கும் மார்லினும் சூரையும் கரையிலிருந்து வெகு தொலைவில், கல்ஃப் ஸ்ட்ரீம் என்னும் வெந்நீரோட்டத்தை ஒட்டித் திரிபவை. படகுத்துறையில் உட்கார்ந்திருப்பவருக்கு அவை வராது. ஜூலை, ஆகஸ்டில் நம்பி முள் போடக்கூடியவை ஸ்பாட், குரோக்கர், பின்ஃபிஷ், பிக்ஃபிஷ் ஆகிய சிறு மீன்கள். கடல் பக்கத்தில் இவற்றோடு சீ மல்லட்டும் பாம்பனோவும் சேரும். பெரும்பாலும் ஓரடிக்குள் அடங்கும் உருப்படிகள். விடுமுறைக்கு வந்தவர் பெரிய மீன் ஆசையை ஒதுக்கிவைத்துச் சின்ன முள்ளைக் கட்டினால் வாரம் முழுவதும் கைக்கு வேலை இருக்கும். குழந்தைகள் உடன் வந்திருந்தால் வேறு வழியே இல்லை. அரை மணி நேரம் ஒன்றும் கொத்தாவிட்டால் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

பெயர்கள் புதிதானாலும் மீன்கள் தமிழருக்கு அவ்வளவு அந்நியமல்ல. ஸ்பாட், குரோக்கர், சீ மல்லட், ஸ்பெக்கிள்ட் ட்ரவுட், ரெட் டிரம் எல்லாமே நம் சந்தைகளில் கத்தாளை, பன்னா என்று விற்கும் மீன்களின் குடும்பம். ஸ்பாட்டுக்குச் செவுள் மூடிக்குப் பின்னால், தோளில் ஒரு கரும்புள்ளி. குரோக்கருக்குத் தாடைக்குக் கீழே மயிரிழை போன்ற குட்டி மீசைகள். தண்ணீரை விட்டுத் தூக்கியதும் காற்றுப்பையை ஒட்டிய தசையை அதிரவைத்துக் கரகரவென்று முனகும். பிடித்திருக்கும் உள்ளங்கையில் அந்த அதிர்வு நன்றாகவே தெரியும். ஸ்பானிஷ் மேக்கரல் வஞ்சிரத்தின் பேரினத்தைச் சேர்ந்தது. பாம்பனோ பாறை மீன் குடும்பம். கால்வாயில் துள்ளித் துள்ளி விழும் மீன் மடவைதான். அது பாசியும் கசடும் மேய்வது என்பதால் இறால் இரையைச் சட்டை செய்யாது. துள்ளும் மடவையைப் பார்த்து அங்கேயே நாள் முழுவதும் முள் போட்டுக் காத்திருப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் வீண்வேலை.

காற்றும் ஓதமும்

கடல் பக்கத்தில் ஓதம் சுமார் மூன்றடி ஏறி இறங்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். தண்ணீர் ஓடும்போது மீன் இரையெடுக்கும், நின்றுவிட்டால் அடங்கும் என்ற பொது விதி அங்கே சரியாகப் பொருந்துகிறது. உச்ச ஏற்றத்துக்கு முன்னால் இரண்டு மணி, பின்னால் ஒரு மணி என்று வைத்துக்கொள்ளலாம்.

காயலில் கதை வேறு. ஓரிகன், ஹாட்டராஸ், ஓக்ரகோக் முகத்துவாரங்களை விட்டுத் தள்ளிப் போனால் நிலவின் ஓதம் சில அங்குலமாகச் சுருங்கிவிடும். அங்கே நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது காற்று. தென்மேற்குக் காற்று இரண்டு நாள் விடாமல் அடித்தால் பாம்லிகோவின் தண்ணீர் வடகிழக்கு மூலையில் குவிந்து படகுத்துறைப் பலகையைத் தொடும். வடகிழக்குக் காற்று திரும்பினால் அதே தண்ணீர் பெருநிலப் பக்கம் ஒதுங்கி, நேற்று முழங்காலளவு இருந்த இடத்தில் இன்று சேறு தெரியும். ஆகவே காயல் பக்கம் தங்குபவர் ஓத அட்டவணையைவிடக் காற்று முன்னறிவிப்பைப் பார்ப்பதுதான் பயன்.

அதே தென்மேற்குக் காற்று கடல் பக்கத்தில் செய்யும் வேலை தலைகீழானது. கரையோர மேல்தண்ணீரை அது வெளியே தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். நடுக்கோடையில் ஒரே இரவில் தண்ணீர் காலை வைக்க முடியாத அளவுக்குச் சில்லிட்டுத் தெளிந்துவிடும். சிறு மீன்கள் இரையெடுப்பது மந்தமாகும். அப்படிப்பட்ட நாள்களில் கடலைக் கைவிட்டுக் காயலுக்குப் போவதே நல்லது. காற்று வடகிழக்காக மாறி, தண்ணீர் சற்றுக் கலங்கிச் சூடேறினால் கடல் பக்கம் மறுபடி உயிர்பெறும்.

உரிமமும் அளவும்

வட கரோலினாவில் 16 வயது நிரம்பிய எவரும் கடலிலோ காயலிலோ தூண்டில் போடக் கடலோரப் பொழுதுபோக்கு மீன்பிடி உரிமம் வாங்க வேண்டும். வெளிமாநிலத்தாருக்குப் பத்து நாள் உரிமம் உண்டு. இணையத்திலும் தூண்டில் கடைகளிலும் சில நிமிடங்களில் கிடைக்கும். வாடகை வீட்டின் துறையில்தானே உட்கார்ந்திருக்கிறோம் என்ற வாதம் எடுபடாது. கடலுக்குள் நீண்டு நிற்கும் மீன்பிடி மேடைகளான, கட்டணம் வாங்கும் பியர்களும் ஆள் கணக்கில் டிக்கெட் போட்டு ஏற்றிச் செல்லும் படகுகளும் பொதுவாகத் தம் வாடிக்கையாளர் அனைவருக்குமாகச் சேர்த்து உரிமம் எடுத்திருப்பார்கள். அங்கே தனி உரிமம் வேண்டியதில்லை.

எந்த மீனை எந்த அளவில், எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. ரெட் டிரம்முக்கு 18 முதல் 27 அங்குலம் வரையில், ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒன்று என்ற விதி நீண்ட காலமாக உள்ளது. அதைவிடப் பெரியவை இனப்பெருக்கத்துக்கு விடப்படுபவை. ஃபிளவுண்டர் என்னும் தட்டை மீனின் இருப்பு சரிந்ததால் அதற்கான பருவம் வெட்டிச் சுருக்கப்பட்டு, 2024இல் பொழுதுபோக்குத் தூண்டிலுக்குத் திறக்கப்படவே இல்லை. பழைய கையேட்டையோ பக்கத்து வீட்டுக்காரர் சொல்லையோ நம்பாமல், கிளம்பும் வாரத்தில் மாநிலக் கடல் மீன்வளப் பிரிவின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம். அடையாளம் தெரியாத மீன் எதுவானாலும் தண்ணீருக்கே போக வேண்டும்.

கருவியும் இரையும்

ஏழடி நீளத்தில் நடுத்தர வலுவுள்ள கோல், 3000 அளவு ஸ்பின்னிங் ரீல், 10 அல்லது 12 பவுண்டு நரம்பு. இது ஒன்றே துறைக்கும் படகுக்கும் போதும். முனையில் கட்டுவது இரட்டை முள் அடிக்கட்டு: ஒன்றரை அடி நரம்பில் இரண்டு குட்டைக் கிளைகள், கிளைக்கு ஒரு முள், அடியில் ஈயக்குண்டு. கடைகளில் கட்டியே விற்கிறார்கள். ஆனால் அவற்றில் பலவற்றில் இருக்கும் முள் இந்த மீன்களின் வாய்க்குப் பெரிது. முள்ளின் எண் கூடக்கூட முள் சிறிதாகும் என்பதை மனத்தில் வைத்து, 4 அல்லது 6 எண் கொண்ட நீள்தண்டு முள்ளைக் கேட்டு வாங்க வேண்டும். ஈயம் துறையில் ஓர் அவுன்ஸ் போதும். பியரில் அலை இழுக்கும் என்பதால் கூம்பு வடிவத்தில் மூன்று, நான்கு அவுன்ஸ்.

இரைக்கு இறாலை மிஞ்சியது இல்லை. இரைக்கென்று உறைய வைத்து விற்கும் இறால் பெரும்பாலும் கறுத்து நைந்திருக்கும், முள்ளில் நிற்காது. சமையலுக்கு வாங்கும் பச்சை இறாலில் கால் கிலோ எடுத்து, ஓடு உரித்து, சுண்டுவிரல் நகமளவு நறுக்கிக்கொண்டால் ஒரு மாலைக்குப் போதும். துண்டு பெரிதானால் மீன் ஓரத்தைக் கடித்துத் தின்றுவிட்டு முள்ளைத் தொடாமல் போய்விடும். மெய்ன் மாநிலச் சேற்றுக் கரைகளில் தோண்டி அனுப்பப்படும் பிளட்வார்ம் புழுவுக்கு ஸ்பாட் மயங்கும் என்பது உண்மை. ஆனால் விலை கையைக் கடிக்கும், புழுவும் கடிக்கும். அதன் தொண்டை வெளியே பிதுங்கும்போது நுனியில் நான்கு கறுத்த பற்கள் தெரியும். அது பட்ட இடம் குளவி கொட்டியதுபோல் எரியும். இதற்கு மாற்றாக விற்கும் ஃபிஷ்பைட்ஸ் என்ற செயற்கை இரை பட்டையாக வரும், குளிர்பெட்டி தேவையில்லை, குழந்தைகளும் கூசாமல் தொடுவார்கள். ஒரு முள்ளில் அதையும் மற்றதில் இறாலையும் மாட்டி எது எடுபடுகிறது என்று பார்ப்பது இங்கே வழக்கம்.

வீட்டுத் துறை

துறையில் நிற்கும் புதியவர் முதலில் செய்வது எட்டி வீசுவது. காயல் பக்கத் துறைகளில் தண்ணீர் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்தடி. மீன் இருப்பதோ தூண்களை ஒட்டி. சிப்பியும் கொட்டலசும் அப்பிய தூணடியில் குட்டி நண்டும் இறாலும் ஒண்டியிருக்கும். அவற்றைத் தின்ன மீன் வரும். ஆகவே முதல் முள்ளை நேர்க்கீழே, தூணிலிருந்து ஒரு கை தள்ளி இறக்க வேண்டும். ஈயம் தரை தொட்டதும் நரம்பின் தொய்வைச் சுற்றி எடுத்துவிட்டு, கோலின் நுனியைப் பார்த்திருக்க வேண்டும். ஸ்பாட் கொத்தினால் நுனி இரண்டு முறை படபடக்கும். அந்தக் கணத்தில் வெடுக்கென்று இழுத்தால் இரை மட்டும் வரும். கோலை ஒரு முழம் உயர்த்தி, எடை தெரிந்தால் சுற்றத் தொடங்குவதே சரி. இரை காணாமல் போய்க்கொண்டே இருந்து மீனும் வராவிட்டால் அது பின்ஃபிஷ் கூட்டம். முள்ளை இன்னும் சிறிதாக்கலாம், அல்லது பத்தடி தள்ளிப் போடலாம்.

நண்பகலில் துறையில் நிற்பது வெயிலுக்கு உடம்பைக் கொடுப்பதைத் தவிர வேறில்லை. ஆழமற்ற தண்ணீர் சுட்டுப்போய் மீன் வாய்க்கால்களுக்கு இறங்கிவிடும். விடியலும் அந்தி சாய்ந்த பிறகும் நல்ல நேரம். ஒரே ஒரு விலக்கு: முட்டுச்சந்தாக முடியும் கால்வாய்களில், காற்றில்லாத புழுக்கமான இரவுக்குப் பின் விடியலுக்கு முன்னர்தான் நீரில் உயிர்வளி மிகக் குறைந்திருக்கும். அப்போது கால்வாயின் வாய்ப்பக்கம் போவது நல்லது.

இரவில் துறை விளக்கை எரியவிட்டால் அரை மணிக்குள் பொடி மீனும் இறாலும் வெளிச்ச வட்டத்தில் கூடும். வேட்டை மீன்கள் வட்டத்துக்குள் வராமல் இருட்டின் விளிம்பில் நிற்கும். தக்கைக்குக் கீழே இரண்டடி நரம்பில் உயிர் இறாலை மாட்டி, இருட்டில் விழச்செய்து வெளிச்சத்தை நோக்கி மெல்ல நகர்த்தினால் ஸ்பெக்கிள்ட் ட்ரவுட் அடிக்கும். அதன் வாய்த்தசை மெல்லியது. முரட்டுத்தனமாகத் தூக்கினால் கிழிந்துவிடும், கைவலை வேண்டும்.

மீன் கொத்தாத நேரத்துக்கு நண்டு இருக்கிறது. கோழிக் கழுத்தைச் சணலில் கட்டி இறக்கி, கயிறு இறுகியதும் அங்குலம் அங்குலமாக இழுத்து, நண்டு மேலே வந்து வெளிச்சத்தைக் கண்டு விடுவதற்குள் வலையை அடியில் கொடுத்து அள்ள வேண்டும். ஓட்டின் இரு பக்க முள்நுனிகளுக்கு இடையே 5 அங்குலம் தேறாத ஆண் நண்டை வைத்துக்கொள்ளக் கூடாது. சினை ஒட்டிய பெட்டை நண்டையும் விட்டுவிடுவதே முறை.

துறையில் காயம் உண்டாக்கக்கூடியவை சில. கெளுத்தியின் முதுகு முள்ளும் பக்க முள்களும் நச்சுள்ளவை. திருக்கையின் வால் முள் அதைவிட மோசம். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காயத்தை அமிழ்த்தி வைத்து, மருத்துவரிடம் காட்ட வேண்டும். பேத்தை மீனின் வாயருகே விரல் போகக் கூடாது. கோடையில் வெதுவெதுப்பான காயல் நீரில் விப்ரியோ என்ற பாக்டீரியா பெருகும். கல்லீரல் நோயோ நோய் எதிர்ப்புக் குறைவோ உள்ளவர்கள் திறந்த புண்ணோடு இந்தத் தண்ணீரில் கை வைக்கவே கூடாது.

பியர்

துறை இல்லாத வீட்டுக்காரருக்குப் பியர்கள் உண்டு. நாக்ஸ் ஹெட்டில் உள்ள ஜெனட்ஸ் பியர் 1939இல் மரத்தால் கட்டப்பட்டு, 2003இல் இசபெல் புயலில் உடைந்து, 2011இல் கான்கிரீட்டில் ஆயிரம் அடி நீளத்துக்கு மீண்டும் எழுந்தது. கோல் வாடகைக்குக் கிடைக்கும். சீ மல்லட்டும் பாம்பனோவும் அலை உடையும் இடத்திலேயே மேயும் என்பதால் கரையை ஒட்டிய பாதியில் போட்டாலே போதும். பியரின் கோடி, பெரிய மீனுக்காக நாள்கணக்கில் நிற்கும் உள்ளூர்க்காரர்களுடையது. அங்கே போய் முள் போட்டுச் சிக்கல் உண்டாக்காமல் இருப்பது மரியாதை. விடியலில் ஸ்பானிஷ் மேக்கரலும் ப்ளூஃபிஷும் கூட்டமாக வரும்போது மட்டும் இரை தேவைப்படாது. காட்சா எனப்படும் குழல் வடிவ ஒளிர்முள்ளை வெட்டி வெட்டி இழுத்தாலே அடிக்கும். இரண்டுக்கும் பல் கூர்மை என்பதால் முன்நரம்பு 30 பவுண்டாவது இருக்க வேண்டும்.

வாடகைப் படகு

நாக்ஸ் ஹெட், மேன்டியோ, ஹாட்டராஸ் பக்கத்துப் படகுத்துறைகளில் தட்டையடிப் படகுகளும் பான்டூன் படகுகளும் அரை நாள், முழு நாள் கணக்கில் கிடைக்கின்றன. 1988 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர் 10 குதிரைத்திறனோ அதற்கு மேலோ உள்ள இயந்திரப் படகை ஓட்ட, படகுப் பாதுகாப்புப் பாடம் முடித்திருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். முன்பதிவு செய்யும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 13 வயதுக்கு உட்பட்டவர்கள் படகு ஓடும்போது உயிர்காப்பு அங்கி அணிந்தே இருக்க வேண்டும். குழந்தையின் எடைக்கேற்ற அங்கி இருக்கிறதா என்பதைத் துறையிலேயே போட்டுப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. ஓட்டுபவர் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ மாட்டிக்கொள்வது 2021 ஏப்ரல் முதல் கூட்டரசுச் சட்டம். 26 அடிக்குக் குறைந்த படகுகள் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும்.

கிளம்புமுன் உந்துவிசிறியின் இறக்கைகளையும் எரிபொருள் முள்ளையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வது திரும்பி வரும்போது தகராறைத் தவிர்க்கும். நங்கூரம், ஊதல், தீயணைப்பான் எங்கே என்று காட்டச்சொல்ல வேண்டும். ஓரிகன் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போகும் எண்ணமே கூடாது. 1846ஆம் ஆண்டுப் புயல் திறந்துவிட்ட அந்த வாயில் அன்றிலிருந்து ஓயாமல் மணல் இடம்பெயர்கிறது. கடல் பார்க்கும் ஆசை இருந்தால் ஆள் கணக்கில் டிக்கெட் வாங்கிப் பெரிய படகில் போகலாம். கோலும் இரையும் அவர்களே தருவார்கள்.

காயலில் பயப்பட வேண்டியது ஆழத்துக்கல்ல, ஆழமின்மைக்கு. குறித்த வாய்க்காலை விட்டு நூறடி விலகினால் முழங்காலளவு தண்ணீர் வரலாம். முகத்துவாரப் பக்கத்திலிருந்து உள்ளே வரும்போது சிவப்புக் குறிகள் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்பது பொது விதி. கிளை வாய்க்கால்களில் குழப்பம் வரும் என்பதால் புறப்படும்போதே வரைபடத்தில் பாதையைப் பேனாவால் குறித்து வாங்கிக்கொள்வது மேல். நண்டுப் பொறிகளின் மிதவைகளுக்கு மேலே படகை விட்டால் கயிறு விசிறியில் சுற்றும். தரை தட்டிவிட்டால் எஞ்சினை முறுக்காமல் அணைத்து, மேலே தூக்கி, காலில் செருப்போடு இறங்கி, வந்த திசையிலேயே தள்ளிவிட வேண்டும். காற்றால் தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும் நாளில் தாமதித்தால் படகு மாலை வரை அங்கேயே கிடக்கும்.

காற்றைப் பற்றி இங்கே இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வாடகைத் துறைகள் காயலின் கிழக்குக் கரையில் இருப்பதால், வடகிழக்குக் காற்று அடிக்கும் காலையில் துறையோரம் தண்ணீர் பளிங்காகத் தெரியும். தீவின் மறைவு தரும் அமைதி அது. மூன்று மைல் உள்ளே போனதும் அலை கிளம்பும், திரும்பும் வழி முழுவதும் எதிர்காற்று. தென்மேற்குக் காற்றில் இதற்கு நேர்மாறு: புறப்படும்போதே முகத்தில் அறையும், ஆனால் வீடு திரும்புவது சுலபம். கோடையில் தென்மேற்குக் காற்று பிற்பகலில் வலுக்கும். ஆழமற்ற நீரில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். பகலில் இடிமேகம் திரள்வதும் வழக்கம். காலை ஆறு முதல் பதினொன்று வரை என்று அரை நாள் எடுப்பவர் இரண்டிலிருந்தும் தப்பிக்கிறார். முதல் இடிச்சத்தம் கேட்டதும் கோல்களைப் படுக்கவைத்துவிட்டுத் துறைக்குத் திரும்ப வேண்டும்.

மீன் பிடிக்க நல்ல இடம் வாய்க்காலின் விளிம்பு: ஆறேழடி ஆழம் சட்டென்று மூன்றடியாக ஏறும் சரிவு. காற்று வரும் பக்கம் போய் எஞ்சினை அணைத்து, அடிக்கட்டைத் தரையில் உரசவிட்டு மிதந்து வரலாம். ஓரிடத்தில் அடுத்தடுத்து இரண்டு மீன் ஏறினால் அங்கே நங்கூரம். அதை அணியத்திலிருந்துதான், அதாவது படகின் முன்பக்கத்திலிருந்துதான் போட வேண்டும். பின்பக்கத்தில் கட்டினால் அலை எஞ்சின் பக்கமாக ஏறிப் படகை முழுக்கும். ஆழத்தைப்போல் ஏழு மடங்கு கயிறு விட்டால் பிடித்து நிற்கும். நீர்ப்புல் திட்டுகளின் ஓரத்தில் விடியலில் தலையில் ஈயம் வார்த்த முள்ளான ஜிக்கில், கால் அவுன்ஸ் அளவில், ரப்பர் மீனை மாட்டி வீசினால் ட்ரவுட் கிடைக்கும்.

பிடித்த பிறகு

விடப்போகும் மீனை நனைத்த கையால் பிடித்து, முள்ளை இடுக்கியால் திருகி எடுத்து, தலைகுப்புற நீரில் விடலாம். முள்ளை விழுங்கியிருந்தால் தோண்டாமல் நரம்பை வாயருகே வெட்டிவிடுவது நல்லது. வைத்துக்கொள்ளும் மீன் அந்தக் கணமே பனிக்கட்டிக்குள் போக வேண்டும். வாளித் தண்ணீரில் மிதக்கவிடுவது கெடுப்பதற்குச் சமம். பெட்டியில் பனிக்கட்டியோடு கடல்நீரும் கலந்து கூழாக்கி வைத்தால் விரைவில் குளிரும். ப்ளூஃபிஷும் ஸ்பானிஷ் மேக்கரலும் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் உண்டாகும். எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலைவலித்து, உடம்பு தடிக்கும். இவற்றின் செவுளை அப்போதே வெட்டி இரத்தத்தை வடித்துவிட வேண்டும். படகில் இருக்கும்வரை தலையையோ வாலையோ நீக்கக் கூடாது. அதிகாரி நிறுத்தினால் அளந்து காட்ட வேண்டியிருக்கும்.

ஸ்பாட், குரோக்கரை ஆய்வது கத்தாளையை ஆய்வதுபோலத்தான்: செதில் சுரண்டி, குடலெடுத்து, இருபக்கமும் கீறி, மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் தடவி முழுதாக வறுக்கலாம். முள் அதிகம் என்பதால் சிறு குழந்தைகளுக்குச் சீ மல்லட்டே ஏற்றது. அதன் நடுமுள்ளை எடுத்துவிட்டால் வெண்சதை சுத்தமாக வரும். ப்ளூஃபிஷின் பக்கவாட்டில் ஓடும் கருஞ்சதையைச் சீவிவிட்டு அன்றே புளி கூட்டிக் குழம்பு வைத்துவிட வேண்டும். உறையவைத்தால் வாடை ஏறும். ஆய்ந்த கழிவை முட்டுக்கால்வாயில் கொட்டாமல் பையில் கட்டிக் குப்பையில் போட வேண்டும். அறுந்த நரம்பை நீரில் விட்டால் பெலிக்கன்களின் சிறகில் சுற்றும். பியர்களிலும் படகிறங்கு துறைகளிலும் அதைப் போடுவதற்கென்றே குழாய்ப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். கோலையும் ரீலையும் அன்றிரவே நல்ல தண்ணீரில் மெல்லத் தெளித்துக் கழுவித் துடைத்து வைக்காவிட்டால், உப்பு ஏறி வாரக் கடைசியில் கைப்பிடி சுற்றாது.